நோட்டில் எழுதாத பத்து நாட்கள்

காபிக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்பே பத்மஜா எடை மிஷினில் நான்கு முறை ஏறி இறங்கிவிட்டாள்.

ஹாலில் வைத்தால் எழுபத்தொன்று. பூஜை அறை வாசலில் எழுபது புள்ளி எட்டு. சமையலறை நிலைப்படியை ஒட்டி ஒரு டைல்ஸ் லேசாகச் சரிந்திருந்தது. அங்கே எழுபது புள்ளி ஆறு. அந்த டைல்ஸின் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். ஆனால் அதுவும் பதிமூன்று நாளாக அதே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"மிஷினைத் தூக்கிண்டு வீடு முழுக்கப் பிரதட்சிணம் பண்ணறதுக்கே ஒரு கிலோ குறையணுமே" என்றார் நாகேஸ்வரன், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

"விளையாடாதேங்கோன்னா. இன்னும் நாலு வாரம்தான் இருக்கு."

"அதுக்குள்ள குறையும்டி. தோசை வார்க்கப் போறியா இல்லையா?"

பத்மஜா அவருக்கு மூன்று தோசை வார்த்தாள். தனக்கு வார்க்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. காலை ஏழரைக்குத் தம்பானூர் லாட்ஜில் இரவு மேனேஜரை விடுவிக்க வேண்டும். தோசையைத் தவிர வேறு எதையும் கவனிக்க அவருக்கு அந்த நேரத்தில் முடியாது.

அவள் தம்பி கேசவுக்கு முப்பத்தாறு வயது. கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் சாஃப்ட்வேர் வேலை. அவன் உடம்பே அவன் கல்லீரலைப் பகையாளியாக நினைத்துத் தாக்கும் நோய். ஒரு சொட்டு மது தொடாதவன், ஆனாலும் கரமனைத் தெருவில் பாதிப் பேர் பத்மஜாவைத் தனியாக அழைத்து, "குடிப்பானோ?" என்று கேட்டுவிட்டார்கள். யாராவது தங்கள் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பான். அவன் மனைவி ஸ்நேகாவின் ரத்த வகை சேரவில்லை. சேர்ந்தது அக்காவுடையது மட்டும்.

சேர்ந்ததே தவிர, சர்ஜன் உடனே தலையாட்டவில்லை. "உங்க கல்லீரல்லயே பதினாறு சதவீதம் கொழுப்பு இருக்கு. பத்துக்குக் கீழே வந்தாத்தான் உங்ககிட்டேர்ந்து எடுக்க முடியும். எட்டு வாரம். அதுக்கு மேல உங்க தம்பி தாங்க மாட்டார்." அன்று அவள் எடை எழுபத்து நான்கு. ஆறு கிலோ குறைத்து வாருங்கள் என்று உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகரின் பெயர் ஆர்ஷா. பாறசாலைக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி என்று கணக்குப் போட்டு, ஐந்து வேளையாகப் பிரித்து, ஒரு நோட்டையும் கையில் கொடுத்தாள். சாப்பிடுவதை எல்லாம் அதில் எழுத வேண்டும்.

"இதுக்கு மேல போகாதீங்க அக்கா. இதுக்குக் கீழயும் போகாதீங்க. ரெண்டும் ஒண்ணு போலத் தப்பு."

பத்மஜா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். ஆயிரத்து நானூறு சாப்பிட்டால் எட்டு வாரம் என்றால் எழுநூறு சாப்பிட்டால் நாலே வாரம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. தம்பியின் கண் நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டிருக்கும்போது எட்டு வாரத்தை உட்கார்ந்து எண்ண அவளால் முடியாது.

முதல் இரண்டு வாரத்தில் மூன்றேகால் கிலோ இறங்கியது. ஸ்நேகா போனில் அழுதாள். நாகேஸ்வரன் லாட்ஜில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அதற்குப் பிறகு எண் நின்றுவிட்டது.

அன்று காலையும் அவள் கரமனையிலிருந்து பழவங்காடிக்கு நடந்தே போனாள். ஆர்ஷா சொன்னது முக்கால் மணி நேர நடை. பத்மஜா மாலையிலும் நடந்துதான் திரும்புவாள். கிள்ளிப்பாலம் தாண்டும்போது கால் பின்னியது. ஒரு கடைப் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் எரியும் கலோரி குறையுமே என்று உடனே எழுந்தாள்.

அவள் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். பதினாறு வருட அனுபவம். வருகிறவர்களுக்கு ஃப்ரேம் பொருத்தி, கண்ணுக்குக் கண் தூரம் அளந்து, லென்ஸ் அறுக்கும் அனீஷிடம் சீட்டு எழுதிக் கொடுப்பாள். இதுவரை ஒரு சீட்டு தப்பியதில்லை. அன்று பதினொரு மணிக்கு அனீஷ் சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"சேச்சி, இந்த ஆளுக்குத் தூரம் அறுபத்திரண்டா?"

"அளந்துதானே எழுதினேன்?"

"போன வருஷம் அறுபத்தாறு. ஒரு வருஷத்துல கண்ணு ரெண்டும் பக்கத்துல வந்தாச்சா?"

பத்மஜா சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். ஆறுக்குப் பதில் இரண்டு. அப்படியே அறுத்திருந்தால் அந்த மனிதர் ஒரு வாரம் தலைவலியோடு அலைந்திருப்பார். அவள் சீட்டைக் கிழித்து வேறு எழுதினாள். எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தாள்.

ஒரு மணிக்கு வழக்கம்போல டிபன் பாக்ஸை அனீஷ் பக்கம் தள்ளினாள். பனீர், பயறு, இரண்டு சப்பாத்தி. எல்லாம் ஆர்ஷா சொன்ன அளவு, சமையல் தராசில் நிறுத்து வைத்தது. நோட்டில் காலையிலேயே எழுதியும் ஆகிவிட்டது.

"எனக்கு வேண்டாம் சேச்சி. நாலு வாரமாச்சு. என் பேன்ட் கொக்கி போட முடியல்ல. நீங்க மெலியறதுக்கு நான் தடிக்கணுமா?"

"இன்னிக்கு ஒரு நாள் சாப்பிடு. எனக்கு இன்னிக்கு ஆகாது."

"தினம் இதைத்தான் சொல்றீங்க" என்று அனீஷ் முணுமுணுத்தான். ஆனாலும் மூடியைத் திறந்தான். பனீரின் மணம் வந்தபோது பத்மஜா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

அப்போதுதான் ஆர்ஷாவின் போன் வந்தது.

"அக்கா, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வந்தாச்சு. மூணு மணிக்கு வர முடியுமா?"

"எவ்வளவு இருக்கு? பத்துக்குக் கீழ வந்தாச்சா?"

"வாங்க, பேசலாம்."

பேசலாம் என்றால் என்ன அர்த்தம்? ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிக்னலில் ஆட்டோ நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஆர்ஷாவின் அறை சின்னது. மேசை மேல் ஒரு தராசு, அளவுக் கரண்டிகள், பாதி குடித்த சாயா. முதலில் பத்மஜாவின் கையில் ஒரு பிடியைக் கொடுத்து முடிந்தவரை அழுத்தச் சொன்னாள். பிடியின் பலம் காட்டும் கருவி.

"பத்தொன்பது. முதல் நாள் இருபத்தாறு அழுத்தினீங்க."

"அது கிடக்கட்டும். ஸ்கேன்?"

"பதினஞ்சு."

பத்மஜாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. "பதினாறுதானே முன்னாடி?"

"ஆமா. நாலு வாரத்துல ஒண்ணுதான் குறைஞ்சிருக்கு. ரத்தத்துல புரதமும் இறங்கிப் போச்சு. தலைமுடி கொட்டுதா?"

கொட்டியது. பத்மஜா சொல்லவில்லை.

ஆர்ஷா நோட்டைத் திறந்தாள். முத்து முத்தான கையெழுத்து. வேளைக்கு ஒரு வரி, ஒரு அடித்தல் இல்லை. "அக்கா, நீங்க பொய் எழுதுதீங்கன்னு நான் சொல்ல வரல்ல. ஆனா இந்த நோட்டு நல்லா சாப்பிடுத ஆளோடது. இந்த ரத்தம் அப்படிப்பட்ட ஆளோடது இல்ல. ரெண்டும் ஒரே ஆளா?"

பத்மஜா புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். ஆர்ஷா இழுப்பறையிலிருந்து ஒரு வறுகடலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "சரி, முதல்ல இதைச் சாப்பிடுங்க. உங்க உதடு வெளுத்துக் கெடக்கு."

பத்மஜாவின் கை தானாகப் பின்னால் போனது. "இன்னிக்கு வேண்டாம். பிரதோஷமாக்கும்."

"பிரதோஷமா?" ஆர்ஷா நோட்டைப் பார்த்தாள். "இன்னிக்கு மத்தியானம் பனீரும் சப்பாத்தியும்னு எழுதியிருக்கே."

"அது பிளான்ல இருக்கறது. அதனால எழுதினேன்."

"அப்போ சாப்பிடல்ல."

"விரதம் இருக்கறச்சே எப்படிச் சாப்பிடறது?"

"அதை ஏன் நோட்டுல எழுதல்ல?"

இப்போது பத்மஜாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? "விரதம் எதுக்கு இந்த நோட்டுல? இது சாப்பாட்டு நோட்டு. விரதம் பகவானுக்கு. அது டயட்ல சேராதே!"

 ஆர்ஷா சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றி மேசை மேல் வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்தாள். "எந்தெந்த நாள்? சொல்லுங்க."

நாலு சனிக்கிழமை. இரண்டு ஏகாதசி. இன்றையதோடு இரண்டு பிரதோஷம். ஒரு சஷ்டி. ஒரு சங்கடஹர சதுர்த்தி. தண்ணீரும் இரண்டு மடக்கு மோரும் மட்டும். ஆர்ஷா வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். காலண்டர் அம்மை போட்டது போல ஆனது.

"இருபத்தெட்டு நாள்ல பத்து நாள் பட்டினி. மத்த பதினெட்டு நாள்?"

பத்மஜா தரையைப் பார்த்தாள். "பாதி."

"மீதிப் பாதி?"

"கடையில அனீஷ்னு ஒருத்தன். அவன் சாப்பிடுவான்."

ஆர்ஷாவுக்குச் சிரிப்பு வந்து, அதை விழுங்கிக்கொண்டாள். "அவருக்கு என் பிளான் நல்லா வேலை செய்யுதா?"

"பேன்ட் கொக்கி போட முடியலையாம்."

இருவரும் சிரித்தார்கள். பத்மஜாவின் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. ஆர்ஷா அழ விட்டாள்.

"அக்கா, உடம்புக்கு உங்க தம்பியையும் தெரியாது, பிரதோஷத்தையும் தெரியாது. சாப்பாடு வரல்லன்னு மட்டும்தான் தெரியும். பயந்துபோய் தசையைக் கரைச்சுத் தின்னுது. அந்த மூணு கிலோ அங்கேருந்து போனதுதான். நாளைக்கு உங்ககிட்டேருந்து பாதிக்கு மேல வெட்டி எடுத்தா, மிச்சம் இருக்குத துண்டு வளரணும். எதை வச்சு வளரும்? காத்தையா?"

"நான் வேண்டிண்டுட்டேன். ஆப்பரேஷன் முடியற வரைக்கும் எல்லா விரதமும் இருக்கேன்னு பழவங்காடிப் பிள்ளையார்கிட்ட சொல்லியாச்சு. நடுவுல விட்டு, அவனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..."

"சுகமில்லாதவங்களுக்கு விலக்கு உண்டே அக்கா. எங்க சபையிலயும் நாப்பது நாள் உபவாசம் உண்டு. போன வருஷம் எங்க அம்மைக்கு சுகர் இறங்கிப்போச்சு, சர்ச் ஐயரே வந்து வேண்டாம்னு சொன்னாரு."

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே. நான் கொடுக்கறவ."

ஆர்ஷா பேனாவை மூடினாள். "அது நான் தீர்க்குத காரியம் இல்ல. வீட்டுல பேசுங்க. ஆனா ஒண்ணு. வெள்ளிக்கிழமை வரை பாப்பேன். அதுவரை அஞ்சு வேளையும் சாப்பிடல்லன்னா, இந்த ஆளை வச்சு ஆப்பரேஷன் செய்யாண்டாம்னு சர்ஜனுக்கு நானே எழுதிக் கொடுத்துருவேன். கோபப்பட்டாலும் பரவாயில்ல."

வெளியே வந்தால் போன். கேசவ்.

"அக்கா, ஸ்கேன் என்னாச்சு?"

"நன்னாருக்கு. நீ சாப்டியா?"

"ஸ்நேகா இட்லித் தட்டைத் தூக்கிண்டு ரூம் ரூமா என் பின்னாடி வரா. வாயில வச்சா குமட்டறது. ஆனாலும் சாப்பிடறேன். உடம்பு இளைச்சா டேபிள்லேர்ந்து எழுந்திருக்க மாட்டேனாம், டாக்டர் சொல்லிட்டார். நீயும் சாப்பிடறியோல்லியோ?"

"சாப்பிடறேன்டா" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

அவளால் பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியவில்லை. வந்த பஸ்ஸில் ஏறினாள், உட்கார இடம் இருந்தும் நின்றாள், தம்பானூரில் இறங்கினாள். சாப்பிட்டால் வேண்டுதல் போயிற்று. சாப்பிடாவிட்டால் ஆப்பரேஷன் போயிற்று. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் கேசவ் அந்தப் பக்கத்தில் படுத்திருந்தான்.

லாட்ஜ் கவுண்டரில் நாகேஸ்வரன் ரெஜிஸ்டரை ஒரு பக்கமும் மசால் தோசையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் ரெஜிஸ்டரைத் தள்ளினார்.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பதினைந்து சதவீதம், பத்து வட்டம், அனீஷின் கொக்கி, வெள்ளிக்கிழமை. கேட்கக் கேட்க அவர் முகத்தில் நிறம் இறங்கியது.

"நாலு வாரமாவா? நான் எதிர்ல உட்கார்ந்து தோசை தோசையா தின்னுண்டு இருந்தேனே. நீ சொல்லலியேடி?"

"சொன்னா விட மாட்டேளே."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "இந்த லாட்ஜ்ல ரூம் எடுத்தவன் பாதியில போகணும்னா என்ன பண்றோம்? கூட வந்தவன் பேருக்கு ரூமை மாத்தி எழுதறோம். ரூம் காலியாகாது, வாடகையும் நிக்காது. அந்த மாதிரி உன் விரதத்தை என் பேருக்கு மாத்திக்கறேன்."

"உங்க பேருக்கா?" அந்த நிலையிலும் பத்மஜாவுக்கு வாய் துடித்தது. "பத்து மணிக்கு வடை வரலைன்னா ஊரைக் கூட்டற ஆள்."

"பின்னே? ஆம்படையானுக்காக ஆம்படையாள் இருக்கலாம்னா, திருப்பியும் இருக்கலாம்தானே? வா, நடை சாத்தறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லிடலாம்."

"பாதி தோசை சாப்பிட்டாச்சே. இன்னிக்குப் பிரதோஷம்."

"அது பழைய ஆள் கணக்கு. புது ஆள் பிள்ளையார்கிட்ட கையெழுத்துப் போட்டப்பறம்தான் வரான்."

மீதிப் பாதித் தோசையை அவர் ஒருமுறை பார்த்தார். தட்டை எடுத்துப்போகச் சொன்னார்.

பழவங்காடியில் மாலைக் கூட்டம். நாகேஸ்வரன் தேங்காயை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும் குரலில், "இனிமே இவ விரதமெல்லாம் கரமனை நாகேஸ்வரன் பேர்ல. இவளைச் சாப்பிட விட்டுடணும்" என்று சொல்லி ஓங்கி உடைத்தார். பக்கத்திலிருந்த மலையாளிப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது. அது பிள்ளையாரின் சம்மதம்தானா? பத்மஜா சிதறிய துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.  ஆனால் அவளுடைய பயத்தில் பாதியை யாரோ வாங்கிக்கொண்டது போலிருந்தது.

எதிரே இருந்த ஓட்டலில் அவளுக்கு மூன்று இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால் வந்தது. நாகேஸ்வரன் முன்னால் தண்ணீர். முதல் வாயை அவள் மென்றுகொண்டே இருந்தாள். "முழுங்கு. நான் வேடிக்கை பார்க்கணும்னா வந்திருக்கேன்?" என்றார். அவள் விழுங்கினாள்.

சாப்பிடுவது இத்தனை கஷ்டமான வேலை என்று அவளுக்குத் தெரியாது. எட்டு மணிக்கு, பதினொன்றுக்கு, ஒன்றுக்கு, நாலுக்கு, ஏழுக்கு. கடையில் மணி அடித்தால் அனீஷ் லென்ஸ் மிஷினை நிறுத்திவிட்டு, "சேச்சி, வாய்" என்பான்.

வெள்ளிக்கிழமை நோட்டைப் பார்த்ததும் ஆர்ஷா கடிதம் எதுவும் எழுதவில்லை. ஆனால் அன்று காலை எடை எழுபத்தொன்று புள்ளி ஒன்பது. சரிந்த டைல்ஸிலும் அதேதான். பத்மஜா ஆர்ஷாவிடம் பதறினாள். "பாத்தியா? ஏறிடுத்து! நான் சொன்னேனோல்லியோ?"

"அது வத்திக் கெடந்த உடம்புல தண்ணி ஏறுதது. இறங்கும். நாளைக்கு அந்த மிஷினை இங்க கொண்டு வாங்க."

மிஷின் ஆர்ஷாவின் இழுப்பறைக்குப் போயிற்று. இரண்டு நாள் பத்மஜா வெறும் டைல்ஸின் மேல் போய் நின்றாள்.

நாகேஸ்வரனின் முதல் சனிக்கிழமை ஒழுங்காகப் போயிற்று. மாலை நாலு மணிக்கு லாட்ஜில் ஒரு விருந்தாளியைக் காரணமில்லாமல் திட்டியதைத் தவிர. ஏகாதசியன்று அவர் சட்டைப் பையில் நேந்திரங்காய் சிப்ஸ் இருந்ததைப் பத்மஜா பிடித்துவிட்டாள்.

"என்னன்னா இது?"

"அரிசி சேர்க்கலியே. ஏகாதசிக்கு அரிசிதான் ஆகாது. காலம்பற ரவா உப்புமா, மத்தியானம் நாலு பழம், இப்போ இது."

"இதுக்குப் பேர் விரதமா?"

"நான் இருக்கறதுதான் விரதம்டி. நீ இருந்தது பட்டினி. எங்கப்பா ஏகாதசிக்கு அடை சாப்பிட்டுத்தான் எண்பத்தேழு வயசு இருந்தார்."

 நாலு சிப்ஸைப் பிடுங்கிக்கொண்டாள். அதையும் நோட்டில் எழுதினாள். அந்த நாலு வாரத்தில் அவருக்கு ஒரு கிலோ கூடியது.

எட்டாவது வாரக் கடைசியில் மறுபடி ஸ்கேன். கூடவே ஆர்ஷாவின் அறையில் எடை. அறுபத்தெட்டு புள்ளி ஒன்பது.

"இன்னும் தொள்ளாயிரம் கிராம் இருக்கே!" பத்மஜா மிஷினை நகர்த்திப் பார்க்கக் குனிந்தாள்.

ஆர்ஷா அவள் கையைப் பிடித்து, பிடியை வைத்தாள். "அழுத்துங்க." இருபத்தேழு. பிறகு கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "ஸ்கேன் எட்டு. அக்கா, எட்டு! அந்தத் தொள்ளாயிரம் கிராமை யாரு கேட்டா?"

சர்ஜன் வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்.

புதன்கிழமை மாலை. கேசவ் இரண்டு அறை தள்ளிப் படுத்திருந்தான். ஸ்நேகா ஊட்டிய கஞ்சியை முழுதும் குடித்தானாம். பத்மஜா கட்டிலில் உட்காருவதும் எழுந்து ஜன்னலுக்குப் போவதுமாக இருந்தாள். நாகேஸ்வரன் நாற்காலியில். அன்று எந்த விரதமும் இல்லை என்பதைக் காலண்டரில் இரண்டு முறை பார்த்துவிட்டு வந்திருந்தார்.

ஆறரைக்கு ஆர்ஷா வந்தாள். "ஏழு மணிச் சாப்பாடு வரும். முழுக்கச் சாப்பிடணும். பத்து மணிக்கு மேல ஒண்ணும் கூடாது. நாளைக்குக் காலைல தண்ணிகூட வாயில படப்படாது, கேட்டியளா?"

"அப்போ எட்டு மணி இட்லி?"

"இல்ல."

"பதினொரு மணி மோர், கடலை?"

"அக்கா, அப்போ நீங்க டேபிள்ல இருப்பீங்க."

பத்மஜா யோசித்தாள். பசிக்குமே என்றிருந்தது. அப்படி நினைத்ததில் அவளுக்கே வெட்கம் வந்தது. "நாளைக்கு நோட்டுல என்ன எழுதறது?"

"உள்ளதை எழுதுங்க."

நாகேஸ்வரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். "அதை என் பேருக்கு மாத்த முடியாதா?" என்று ஆர்ஷாவைக் கேட்டார். குரல் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. முடியும்போது அப்படி இல்லை.

"இது முடியாது சார்."

பத்மஜா நோட்டைப் பிரித்தாள். வியாழக்கிழமை என்று தேதி போட்டாள். அடியில் ஐந்து வேளைக்கு ஐந்து கோடு.  முதல் கோட்டில் 'விரதம்' என்று எழுதி, மற்ற நாலையும் காலியாக விட்டாள்.

கதவு தட்டும் சத்தம். ஏழு மணிச் சாப்பாடு வந்துவிட்டது.